ஸ்விஃப்ட் முன் லோயர் ஆர்ம் புஷ்: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

நொய்யல் (கோவை)

வணக்கம். என்னுடையது 2013 ஸ்விஃப்ட் டீசல். லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வேகமாகப் போகும்போது இல்லை, தெருவுக்குள் மெதுவாக வரும்போதுதான் கேட்கிறது. பிரேக் பிடித்து வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் அதே ‘டொக்’ இன்னொரு தடவை. அவிநாசி சாலையில் 80-ல் போய்ப் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. முன் டயர்கள் உள்பக்க விளிம்பில் அதிகமாகத் தேய்ந்திருக்கின்றன.

ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியைத் தூக்கிப் பார்க்காமலேயே “ரெண்டு பக்கமும் ஷாக், லிங்க், ஆர்ம் எல்லாத்தையும் மாத்திடலாம்” என்றார்கள். இதில் எது போயிருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. தெரிந்த ஒருவர் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கிற இரும்புக் கை) புஷ், அதாவது அந்தக் கையின் மூட்டில் உள்ள ரப்பர், மட்டும்தான் என்கிறார்.

கைக்கருவிகள் ஓரளவு வைத்திருக்கிறேன். பிரேக் பேடு மாற்றிப் பழக்கம் உண்டு. போர்டிகோவில் சமமான சிமென்ட் தரை. புஷ்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது? வீட்டில் செய்யக்கூடிய வேலையா? புஷ் மட்டும் மாற்றினால் போதுமா, முழு ஆர்ம் வாங்கிவிடுவது நல்லதா?

பட்டறைத்தம்பி (ஈரோடு)

நொய்யல் அண்ணா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எது ஆடுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது பிரேக் பிடித்து நிற்கும்போது வரும் சத்தம்தான். ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் பார் என்ற குறுக்குக் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) போயிருந்தால் சின்னச் சின்னக் குழிகளில் கடகடவென்று விடாமல் கேட்கும், பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பிடித்திருக்கும் தாங்கல்) போயிருந்தால், வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மேலே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுகிற சத்தம் வரும். ஷாக் போனால் சத்தத்தைவிட வண்டி ஆடுவதுதான் முதலில் தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது தரை சக்கரத்தைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. இந்த வண்டியில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். கீழே சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு லோயர் ஆர்ம், அந்த ஆர்மை வண்டியோடு இணைப்பது முன் புஷ் ஒன்று, பின் புஷ் ஒன்று. புஷ் தளர்ந்தால் ஆர்ம் பின்னால் போய் முட்டும். பிரேக்கை விட்டதும் முன்னால் வரும். அந்த முட்டல்தான் உங்கள் ‘டொக்’ என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் இப்படி நகர்ந்தால் ஸ்டீயரிங்கும் இழுக்கும்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. வீட்டில் ஓட்டத் தெரிந்தவரை உட்காரவைத்து, முதல் கியரில் அரை அடி நகர்த்தி ஒரு பிரேக், ரிவர்ஸில் அரை அடி நகர்த்தி ஒரு பிரேக். நீங்கள் வண்டிக்கு முன்னாலோ அடியிலோ போக வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். டயர் ஏறாத இடமாகப் பார்த்து மொபைலைத் தரையில் வைத்து, ஆர்ம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வீல் ஆர்ச்சுக்குள் சக்கரம் முன்னும் பின்னும் தாவினால் புஷ்தான்.

அடுத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் (ஆர்ம் மாட்டியிருக்கிற அடிச்சட்டம்) நடுவே ஒரு சின்னக் கடப்பாரையை விட்டு நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அது இயல்பு. ரப்பருக்கும் இரும்புக் குழலுக்கும் இடையே வாய் பிளந்தால் அது போய்விட்டது. பால் ஜாயிண்டையும் (ஆர்மின் வெளி முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் குமிழ் மூட்டு) அப்போதே பாருங்கள். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டும்போது ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் கதை வேறு.

ரப்பர்வேலை (மதுரை)

ரப்பர் உருப்படிகள் வார்க்கும் தொழிலில் இருக்கிறேன், அதனால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். மேலே மெல்லிய வெடிப்பு தெரிந்த உடனே புஷ் போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டுகிறார்கள். ஓசோன், வெயில், சூடு காரணமாக வெளிப்பரப்பில் முடி மாதிரி வெடிப்பு வருவது வயதின் அடையாளம். புஷ்ஷின் உயிர் இருப்பது ரப்பரும் இரும்பும் ஒட்டியிருக்கிற பற்றில்தான். வெளிக் குழல், உள் குழல் இரண்டும் இரும்பு, நடுவே ரப்பர். பசை பூசி, சூட்டிலும் அழுத்தத்திலும் வல்கனைஸ் செய்து ஒட்டவைப்பார்கள். அந்தப் பற்று விட்டுப்போனால், ரப்பர் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் புஷ் செத்தது செத்ததுதான்.

ரப்பர் உப்பிப்போய் கொழகொழவென்று இருந்தால், என்ஜினிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். இயற்கை ரப்பருக்கு மினரல் எண்ணெய் ஆகாது. கசிவை நிறுத்தாமல் புது புஷ் போட்டால் அதுவும் அப்படித்தான் ஆகும்.

நொய்யல்

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

வீடியோவில் இடது சக்கரம் தெளிவாகத் தாவுகிறது. வலது சக்கரத்தில் அசைவு கொஞ்சம் இருக்கிறது, தாவல் இல்லை. கடப்பாரை வைத்து நெம்பியபோது இடது பின் புஷ்ஷில் உள் குழலைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு ரப்பர் விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளியில் என் கட்டைவிரல் நகம் போகிறது. விளிம்பில் செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் துரு, அதைத் துடைத்தால் உள்ளே இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. ரப்பர்வேலை சொன்ன முடி வெடிப்பு வலது பக்கம்தான் இருக்கிறது, பற்று விடவில்லை. பால் ஜாயிண்டுகளில் ஆட்டம் இல்லை, அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறையும் (பூட்டு) கிழியவில்லை. லிங்க் இரண்டும் இறுக்கமாக இருக்கின்றன.

ஆக, எல்லாவற்றையும் மாற்றச் சொன்ன இடத்தில் உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு புஷ்.

பட்டறைத்தம்பி

அருமை அண்ணா, இப்படிப் பார்த்துவிட்டு வந்தால்தான் பேச வசதி. ஆனால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் புது ரப்பர், இன்னொரு பக்கம் பத்து வருட ரப்பர் என்றால் பிரேக்கில் இழுப்பு முழுசாகப் போகாது. வலது பக்கமும் அதே கிலோமீட்டர் ஓடியதுதானே.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா? இந்தக் காரில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. ஜாயிண்டும் ஆடினால் யோசிக்கவே வேண்டாம், முழு ஆர்ம்தான். உங்களுக்கு ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது, அதனால் புஷ் மட்டும் போதும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். பெயர் தெரியாத மலிவு ஆர்ம் ஒன்று முழுசாகக் கிடைக்கிறதே என்று அதற்குப் போகாதீர்கள். கம்பெனி ஆர்மின் தகடும் ஜாயிண்டும் அதைவிட எவ்வளவோ மேல். அதிலேயே நல்ல புஷ்ஷை ஏற்றுங்கள்.

முத்துநகர் (தூத்துக்குடி)

வேலையில் இறங்குவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிட வேண்டும், இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

வண்டியோடு வருகிற கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். அதை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். ஹைட்ராலிக் டிராலி ஜாக்கியும் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. சீல் விட்டால் ஒரே மூச்சில் இறங்கிவிடும். இரண்டு ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும், கையேட்டில் காட்டியிருக்கிற ஜாக்கிங் பாயிண்டில்தான் வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சுமை ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றிய இரண்டு சக்கரங்களையும் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. முன் சக்கரம் ஓட்டுகிற வண்டியில் முன் பக்கத்தைத் தூக்கிவிட்டால், கியரில் போட்டு வைத்தும் பயன் இல்லை. தரையில் இருப்பது பின் சக்கரங்கள் மட்டும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைப் பிடித்துப் பலமாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அப்போதே அசையட்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் உப்புக்காற்று. ஆர்ம் போல்ட் உள் குழலோடு சேர்ந்து துருப்பிடித்துவிடும். நீங்கள் போல்ட்டைத் திருப்பினால் அது ரப்பரையும் சேர்த்து முறுக்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். மறை கழன்று வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அந்த நிலைமையில் பலம் காட்டாதீர்கள். சப்ஃப்ரேமுக்குள் வெல்டு செய்த நட்டாக இருந்தால் அது பெயர்ந்துவிடும், அதற்கப்புறம் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். முந்தின நாள் இரவே துரு நீக்கி அடித்து ஊறவிட்டு, காலையில் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அப்படியே ஆட்டி ஆட்டி எடுங்கள். வரவே இல்லையென்றால் புஷ்ஷுக்கும் சப்ஃப்ரேமுக்கும் இடையே போல்ட்டை அறுத்துவிட்டுப் புதுப் போல்ட் போடுவதுதான் வழி. எதற்கும் புதுப் போல்ட், நட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பட்டறைத்தம்பி

முத்துநகர் அண்ணன் சொன்னதை இரண்டு தடவை படித்துவிட்டு ஆரம்பியுங்கள். இப்போது வேலை.

வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு அளவு எடுங்கள். ஹப்பின் (சக்கரம் மாட்டியிருக்கிற மையப் பகுதி) நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் குறித்து வையுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முன் பக்கம் இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு, கழற்றவும் விடாது, மாட்டவும் விடாது. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்புக்குக் கீழே பால் ஜாயிண்ட் போல்ட். அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக உருவ வேண்டும். ஜாயிண்ட் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அதற்குள்தான் குறுக்கே உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. போல்ட் வந்ததும் அந்தப் பிளவில் ஒரு உளியை மெதுவாக வைத்து மயிரிழை விரித்தால் போதும், ஆர்மைக் கீழே நெம்பினால் தண்டு வந்துவிடும். ஜாயிண்டின் ரப்பர் பூட்டில் கடப்பாரை படக் கூடாது. பூட்டு கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் போய் நல்ல ஜாயிண்டும் கெட்டுவிடும்.

ஆர்ம் விடுபட்டதும் ஹப் தொங்கும். அதை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டு) உள் ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். ஒரு கயிறு போட்டுக் கட்டிவையுங்கள், பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் வயரிலும் இழுவை வேண்டாம்.

அடுத்து ஆர்மின் உள்பக்கத்து இரண்டு போல்ட். ஆர்ம் கைக்கு வந்ததும் கழுவித் துடைத்து, பழைய புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயிண்டாலோ உளியாலோ அடையாளம் போடுங்கள். போட்டோவும் எடுங்கள். சில புஷ்ஷில் ரப்பருக்குள் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தத் திசையில் இளக்கமாகவும் மற்றத் திசையில் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த இடைவெளி அது. திருப்பி மாட்டினால் புது புஷ்ஷிலேயே வண்டி அலையும்.

புஷ்ஷை எரித்து எடுக்காதீர்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, ஆர்மின் பெயிண்டும் ஜாயிண்டின் கிரீஸும் போய்விடும். சுத்தியலாலும் வேண்டாம். ஆர்மை எடுத்துக்கொண்டு பிரஸ் இருக்கிற லேத் பட்டறைக்குப் போங்கள். பத்து நிமிட வேலை. வீட்டிலேயே செய்துதான் ஆக வேண்டுமென்றால் மறை போட்ட கம்பி, தடித்த வாஷர், அளவுக்கு ஏற்ற குழாய்த் துண்டு வைத்து இழுக்கலாம். வரும், ஆனால் கை ஓய்ந்துவிடும்.

லேத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். ஆர்மின் கண்ணுக்கு அடியில் சரியாகக் குழாய்த் தாங்கல் வைத்துத்தான் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் தகடு வளையும். புது புஷ்ஷை ஏற்றும்போது அழுத்தம் வெளிக் குழலின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். நடுக்குழலைப் பிடித்து அழுத்தினால் வண்டியில் ஏறும் முன்பே பற்று விட்டுவிடும்.

ஓஎம்ஆர்வாசி (சென்னை)

இவ்வளவு கழற்றுகிறோம், பாலியூரிதேன் புஷ் போட்டுவிடலாமே? ஆயுள் அதிகம், ஸ்டீயரிங்கும் கூர்மையாக இருக்கும். என் காரில் போட்டிருக்கிறேன், திருப்தியாக இருக்கிறது.

ரப்பர்வேலை

அது நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்கிற விதம் வேறு. இந்த மாதிரி புஷ்ஷில் ரப்பர் பொதுவாக ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைக் காட்டும் அளவு) அளவில் 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரிதேன் 80-க்கு மேல். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக் கொடுக்கிறது, எங்கேயும் உரசுவதில்லை. பாலியூரிதேனில் உள் குழல் உள்ளே சுழல்கிறது, அதற்கு சிலிகான் கிரீஸ் வேண்டும். கிரீஸ் கழுவிப்போனால் கிரீச்சிடும். நம் ஊர்ச் சாலையில், பின் சீட்டில் வயதானவர்களை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டிக்கு அந்த விறைப்பு தேவையில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு குழியும் நேராக சப்ஃப்ரேமுக்குப் போகும்.

ஓஎம்ஆர்வாசி

பெரும்பாலும் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன், அதுவும் நல்ல சாலையில். அதனால் எனக்கு ஒத்துவந்திருக்கலாம். குடும்ப வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி.

நொய்யல்

இரண்டு ஆர்மும் வெளியே வந்து, புது புஷ் ஏறி, வண்டியில் மாட்டியாயிற்று. இடது முன் போல்ட் மட்டும் முத்துநகர் சொன்ன மாதிரியே முறுக்கித் திரும்பியது, ஊறவிட்டு ஆட்டியதில் வந்துவிட்டது. லேத்காரர் அடையாளம் பார்த்துப் பொறுமையாக ஏற்றிக் கொடுத்தார்.

போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி வைத்திருக்கிறேன். தம்பி, அந்த டேப் அளவு எதற்கு என்று இன்னும் சொல்லவில்லையே? இப்படியே டார்க் (போல்ட்டுக்குக் குறித்த இறுக்க அளவு) வைத்து முடித்துவிடலாமா?

பட்டறைத்தம்பி

வேண்டாம் அண்ணா, கையை எடுங்கள்! இந்த வேலையில் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுகிற இடம் இதுதான்.

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கி, ஆர்ம் ஓடும்போது இருக்கிற மட்டத்துக்கு வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. புஷ் மாற்றிய சில மாதத்திலேயே மறுபடி சத்தம் வருகிறது, புஷ் போலி என்று புலம்புகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். லிஃப்டில் தொங்கவிட்டே இறுக்கியிருப்பார்கள்.

ரப்பர்வேலை

கணக்காகவே காட்டுகிறேன். போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் சப்ஃப்ரேமோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இனி அது சுழலாது. வெளிக் குழல் ஆர்மோடு போகும். நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்க வேண்டும். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு முறுக்கில்லாத நிலை.

ஆர்ம் 30 செமீ நீளம், தொங்கும்போது முனை 8 செமீ கீழே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் கிட்டத்தட்ட 15 டிகிரி. தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கிய நிலையில் இருக்கும். இரவு பகலாக அப்படியே. வேகத்தடையில் சக்கரம் இன்னும் மேலே போனால் அதற்கு மேல் இன்னொரு பங்கு. சரியான மட்டத்தில் இறுக்கியிருந்தால் அதே வேகத்தடையில் அந்தக் கூடுதல் பங்கு மட்டும்தான் விழுந்திருக்கும். பற்று விடுவது இப்படித்தான். புஷ் செய்தவன் என்னதான் நல்ல கலவை போட்டாலும் இதைத் தாங்காது.

பட்டறைத்தம்பி

அதற்குத்தான் டேப் அளவு. நல்ல வழி, சக்கரத்தை மாட்டி, இரண்டு முன் சக்கரத்துக்கு அடியிலும் கெட்டியான மரப்பலகை அடுக்கி, அதன் மேல் வண்டியை இறக்கி நிறுத்துவது. வண்டியை முன்பக்கம் அழுத்தி ஆட்டி உட்காரவைத்துவிட்டு, அடியில் கை போகிற இடைவெளியில் இறுக்கலாம். அது முடியவில்லையென்றால் ஸ்டாண்டில் இருக்கும்போதே பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் ஜாக்கி கொடுத்து, ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரை நீங்கள் குறித்த அளவு வரும்வரை ஆர்மைத் தூக்குங்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டி எழும்புகிற மாதிரி தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

டார்க் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்தே வையுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். மறையில் எண்ணெயோ கிரீஸோ பூசினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். பால் ஜாயிண்ட் போல்ட் அந்தப் பள்ளத்துக்குள் போயிருக்கிறதா என்று ஆர்மைக் கீழே இழுத்து ஒரு தடவை சரிபாருங்கள்.

நொய்யல்

பலகை வழியில் முடித்தேன். பலகை மேல் நின்றபோது டேப் அளவும் இரண்டு பக்கமும் பொருந்திவந்தது. மேனுவல் பார்த்து டார்க் வைத்தாயிற்று.

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவின் அந்த வேகத்தடையிலேயே போனேன். சத்தம் இல்லை. பிரேக்கில் வந்த ‘டொக்’கும் இல்லை. நெடுஞ்சாலையில் இழுப்பு பெருமளவு குறைந்திருக்கிறது, கொஞ்சூண்டு மிச்சம் இருக்கிறது.

பட்டறைத்தம்பி

அந்த மிச்சம் அலைன்மென்ட். ஆர்ம் கழற்றி மாட்டினால் டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் பார்க்க வேண்டும். புஷ் தளர்ந்திருந்தபோது யாராவது அலைன்மென்ட் செய்திருந்தால் அந்த அளவு இப்போது செல்லாது. இனி உள் விளிம்புத் தேய்மானமும் அதிகமாகாது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த டயர் தேய்ந்ததுதான். அதனால்கூட இழுப்பு கொஞ்சம் இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

பழைய ஆல்ட்டோ (நாகர்கோவில்)

இழையை முழுக்கப் படித்தேன். என்னுடையது 2008 ஆல்ட்டோ. பிரேக்கில் இதே சத்தம். ஆனால் என் லோயர் ஆர்மில் உள்பக்கம் ஒரே ஒரு புஷ்தானே இருக்கிறது? பின் புஷ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

முத்துநகர்

உங்கள் வண்டியில் அந்த வேலையை ஸ்டெபிலைசர் பாரே செய்கிறது. பாரின் முனை ஆர்முக்குள் நுழைந்து வெளியே வந்து நட்டு போட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகாமல் பிடித்து வைப்பது அந்த முனையும், பாரை வண்டியோடு பிணைக்கிற முன் பிராக்கெட்டும்தான். ஆர்ம் புஷ்ஷை மட்டும் பார்க்காமல், பார் முனையில் உள்ள ரப்பர்களையும் பிராக்கெட் ரப்பர்களையும் பாருங்கள். அவை நசுங்கித் தட்டையாகியிருந்தால் சத்தம் அங்கிருந்துதான். கழற்றும்போது வாஷர் எந்தப் பக்கம் குழிந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முனை நட்டில் காட்டர் பின் (நட்டு கழலாமல் குறுக்கே போடும் கம்பி) இருந்தால் மாட்டும்போது புதுசு போடுங்கள். கடைசி இறுக்கு இதிலும் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான்.